போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்: ஏன் ஒரே வயர்லெஸ்ஸில் பேசுவதில்லை?

கேட்கப்பட்டது இதுதான்: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோரும் வருவது ஒரே சம்பவ இடத்துக்கு. அப்படியிருக்க ஆளுக்கொரு வயர்லெஸ் எதற்கு? எல்லோரையும் ஒரே சேனலில் போட்டுவிட்டால் என்ன? செல்போன் இவ்வளவு வளர்ந்த பிறகும் இது ஏன் தீராத பிரச்சினையாக இருக்கிறது?

செல்போனைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த "ஒரே சேனல்" யோசனை. கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்தால் ஆபத்து. ஒரு வயர்லெஸ் சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால், சாதாரண எஃப்.எம். வயர்லெஸ்ஸில் வலுவான சிக்னல் ஜெயிக்கும், மற்றவர் பேசியது காற்றோடு போகும். இரண்டும் சம வலுவாக இருந்தால் கிறீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். பேசியவருக்கோ தன் குரல் போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. எரியும் கட்டடத்துக்குள் சிக்கிய ஒருவர் உதவி கேட்கும் நொடியில், வெளியே வண்டியை எங்கே நிறுத்துவது என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அதனால் பிரித்து வைத்திருப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்ததுதான். ஒரே துறைக்குள்ளேயே தீயணைக்கும் குழுவுக்கு ஒரு சேனல், தண்ணீர் ஏற்பாட்டுக்கு இன்னொன்று, தலைமைக்கு வேறு என்று பிரிப்பார்கள். பிரிவு தப்பில்லை. தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் இருவரைச் சேர்க்க வழி இல்லாததுதான் தப்பு.

அந்த வழி ஏன் இல்லாமல் போனது? பாதிக் காரணம் வரலாறு. 1928 இல் டெட்ராய்ட் போலீஸ் ரோந்துக் கார்களுக்கு ரேடியோ வழியே செய்தி அனுப்பத் தொடங்கியது. ஒருவழிதான், காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல வேண்டுமென்றால் இறங்கித் தொலைபேசியைத் தேட வேண்டும். 1933 இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரப் போலீஸ் இருவழிப் பேச்சைக் கொண்டுவந்தது. அப்போதிருந்தே ஒவ்வொரு துறையும் தன் பணத்தில், தன் வசதிக்கு, அந்தக் காலத்தில் கிடைத்த அலைவரிசையில் வாங்கிக்கொண்டது. திறந்த வெளியில் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள் 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனார்கள். கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில் வேலை செய்பவர்களுக்கு 450 மெகாஹெர்ட்ஸ் பொருந்தியது. பின்னால் வந்தவர்களுக்கு 800 கிடைத்தது. ஒவ்வொருவர் முடிவும் தனித்தனியே பார்த்தால் நியாயம்தான். கடைசியில் ஒரே தெருவில் நிற்கும் மூன்று பேர் கையில் ஒன்றையொன்று கேட்கவே முடியாத மூன்று பெட்டிகள்.

டிஜிட்டல் வந்தால் தீரும் என்றார்கள். அமெரிக்காவில் 1989 இல் தொடங்கிய பி25 ஒரு தரம், அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான தொழில்நுட்ப விதித்தொகுப்பு. ஐரோப்பாவில் 1990-களில் வந்த டெட்ரா இன்னொரு தரம். முதலாவது 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் ஓடுவது. இரண்டாவது 25 கிலோஹெர்ட்ஸ் சேனலை நான்கு நேரத் துண்டுகளாக வெட்டி நான்கு உரையாடல்களுக்குக் கொடுப்பது. இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒன்று மற்றதோடு பேசாது. ஒரே தரத்துக்குள்ளும் சிக்கல் உண்டு. உங்கள் வயர்லெஸ்ஸில் என் பேச்சுக்குழுவின் (சேர்ந்து பேசும் கருவிகளின் குழு) எண் பதிந்திருக்க வேண்டும், என் வலையமைப்பு உங்களை உள்ளே விட வேண்டும், பேச்சைப் பிறர் கேட்காமல் பூட்டும் மறையாக்கச் சாவி பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பொத்தானை அழுத்தியதும் "பொங்க்" என்று ஒரு மட்டமான ஒலி வரும். அவ்வளவுதான், பேச முடியாது.

பொத்தானைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. டிரங்கிங் எனப்படும் அமைப்பில், நீங்கள் அழுத்தியதும் கருவி முதலில் கட்டுப்பாட்டுச் சேனலில் இடம் கேட்கிறது. அமைப்பு காலியான ஓர் அலைவரிசையை ஒதுக்குகிறது. அந்தக் குழுவில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அங்கே தாவுகின்றன. அப்புறம்தான் பேசலாம் என்று "பீப்" கேட்கும். ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் பதற்றத்தில் இருப்பவர் பீப்புக்குக் காத்திருக்க மாட்டார். "நான்காவது மாடிக்குப் போகாதீர்கள்" என்பது "மாடிக்குப் போகாதீர்கள்" என்று போய்ச் சேரும். கட்டைவிரலை அவசரமாக எடுப்பவர்களிடம் இதைவிட மோசம். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது, வால் வெட்டுப்பட்டால் "போக" மட்டும்தான் கேட்கும். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பேசி, இன்னொரு மூச்சு விட்டு எடு என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் 2001 செப்டம்பர் 11. நியூயார்க் போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தின் மேல்பகுதி செந்தணலாக எரிவதைப் பார்த்து, இது நிற்காது என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். கோபுரம் விழுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பு. போலீஸ் சேனலில் அது கேட்டது. தீயணைப்புத் துறையின் சேனலுக்கு அது போகவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். "பார்த்தீர்களா, ஒரே வயர்லெஸ் இருந்திருந்தால்!" என்று இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவது வழக்கம்.

விசாரணை ஆணையத்தின் அறிக்கையைப் படித்தால் கதை அவ்வளவு நேராக இல்லை. 1993 இல் அதே மையத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, உயரமான மாடிகளிலும் தீயணைப்பு வயர்லெஸ் எட்டுவதற்காக அந்த வளாகத்தில் ஒரு ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி வலுவாக்கித் திரும்ப அனுப்பும் கருவி, வைத்திருந்தார்கள். அன்று காலை அது இயங்கியது. ஆனால் வடக்குக் கோபுரத்தின் வரவேற்புக்கூடத்தில் அதை இயக்கும் மேசையில் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்று அழுத்தப்படவில்லை. சோதித்துப் பார்த்த அதிகாரிகளுக்கு எதுவும் கேட்கவில்லை. வேலை செய்யவில்லை போல என்று விட்டுவிட்டார்கள். தெற்குக் கோபுரத்தில் ஓரியோ பாமர் என்ற தீயணைப்புத் தலைவர் அதே சேனலைப் பயன்படுத்தி 78 ஆவது மாடி வரை ஏறிப் போய் அங்கிருந்து தெளிவாகப் பேசினார். ஆக, கருவி இருந்தது, ஒரு கோபுரத்தில் அதனால் பயனும் கிடைத்தது, மற்றதில் அது இருப்பதே இல்லாததாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. வெளியேறும்படி வந்த உத்தரவை வடக்குக் கோபுரத்தில் பலர் கேட்டார்கள். தெற்குக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதுதான் உள்ளே இருந்த பலருக்குத் தெரியவில்லை. அதனால் அவசரம் புரியவில்லை. போலீஸ் தலைமையும் தீயணைப்புத் தலைமையும் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே நின்று தங்கள் ஆட்களை நடத்திக்கொண்டிருந்தன. இரு தரப்பின் ஒரே ஓர் அதிகாரி மற்றவர் பக்கத்தில் நின்றிருந்தால், ஹெலிகாப்டர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். அதற்கு வயர்லெஸ்ஸே வேண்டாம்.

என்னைக் கேட்டால் இதைவிடக் கசப்பான பாடம் மான்செஸ்டர். 2017 மே 22 இரவு 10:31-க்கு அந்த நகரின் இசை அரங்கில் குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டார்கள். பிரிட்டனில் அப்போது போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே டெட்ரா வலையமைப்பில்தான் இருந்தன. அலைவரிசைச் சண்டை இல்லை, தரச் சண்டை இல்லை. நியூயார்க்கில் இல்லை என்று ஏங்கியதெல்லாம் அங்கே இருந்தது. என்ன நடந்தது? தீயணைப்பு நிலையம் ஒன்று அரங்கத்திலிருந்து அரை மைல் தொலைவில் இருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு வெடிச்சத்தமே கேட்டது. ஆனால் வண்டிகளை மூன்று மைல் தள்ளி வேறொரு நிலையத்தில் கூடச் சொன்னார்கள். தீயணைப்பின் தொடர்பு அதிகாரி, நிலவரம் தெரிந்துகொள்ள போலீஸ் பணி அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். கிடைக்கவில்லை. திரும்ப அழைத்தும் கிடைக்கவில்லை. ஏனென்றால் எல்லோரும் அந்த ஒரே மனிதரைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு போலீஸ் தரப்பின் அத்தனை முடிவுகளும் அவர் தலையில் விழுந்திருந்தன. துப்பாக்கிக்காரர்களும் இருக்கலாம் என்ற சந்தேகம் தீயணைப்பைத் தயங்க வைத்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடியவர்கள் சம்பவ இடத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் கேட்கத்தான் வழி தோன்றவில்லை. மூன்று கட்டுப்பாட்டு அறைகளும் ஒரே பேச்சுக்குழுவில் சேர்ந்து பேசவே இல்லை. தீயணைப்பு வந்து சேர்ந்தபோது மணி 12:37. இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அவசரச் சேவைகளின் குறைகள் இல்லாதிருந்தால் இறந்தவர்களில் ஒருவர் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்றது பின்னர் நடந்த விசாரணை.

தென் கொரியாவும் இப்படித்தான். 2014 இல் செவோல் கப்பல் மூழ்கிய பிறகு, எல்லா மீட்புத் துறைகளுக்கும் ஒரே எல்.டி.இ. (4ஜி) வலையமைப்பு என்று பெரும் செலவில் கட்டி 2021 இல் முடித்தார்கள். அடுத்த ஆண்டே சியோலின் இதேவோன் பகுதியில் கூட்ட நெரிசல் பேரழிவு. வலையமைப்பு வேலை செய்தது. துறைகள் அதில் ஒன்றோடொன்று பேசுவதுதான் சரியாக நடக்கவில்லை.

அதனால் "எந்தக் கருவி வாங்கலாம்" என்று யாராவது கேட்டால், "இப்போது இருக்கும் கருவியில் பக்கத்துத் துறையோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பதில் பெரும்பாலும் சங்கடமாகத்தான் இருக்கும்.

இதற்காகக் கருவிப் பிரச்சினை பொய் என்று சொல்லவில்லை. 2011 ஜூலை 22 அன்று நார்வேயின் உட்டோயா தீவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் இறந்தபோது, ஒஸ்லோவிலிருந்து விரைந்த அதிரடிப்படையிடம் புது டிஜிட்டல் வயர்லெஸ் இருந்தது. அந்த மாவட்டப் போலீசிடம் இருந்தது பழைய அனலாக். எங்கே கூடுவது என்ற சின்ன விஷயத்திலேயே குழப்பம் வந்தது. நாடு முழுக்க ஒரே அமைப்பு 2015 இல்தான் முழுமையானது. லண்டனில் 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பின்போது சுரங்கத்துக்குள் போக்குவரத்துப் போலீசின் வயர்லெஸ் மட்டுமே வேலை செய்தது. மற்றவர்கள் ஆட்களை மேலும் கீழும் ஓடவிட்டுச் செய்தி அனுப்பினார்கள். சுரங்கத்துக்குள் வயர்லெஸ் எட்ட வேண்டும் என்று 1987 கிங்ஸ் கிராஸ் தீ விபத்தின் விசாரணையிலேயே சொல்லியாகிவிட்டது. அதைச் செய்யத்தான் இன்னொரு பேரழிவு வேண்டியிருந்தது.

சரி, வேறு வேறு கருவிகளை வைத்துக்கொண்டு எப்படிச் சேர்ப்பது? நடைமுறையில் உள்ள வழிகளில் மிக எளிதானது, மாற்றிக் கொடுப்பது: தன் துறையின் கூடுதல் வயர்லெஸ் ஒன்றை மற்ற துறையின் அதிகாரி கையில் கொடுத்துவிடுவது. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். ஒரே நிபந்தனை, பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். அலமாரியில் ஆறு மாதம் கிடந்த உதிரிக் கருவி எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, எல்லோர் கருவியிலும் முன்கூட்டியே பதிந்து வைத்த பொதுச் சேனல்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு அலைவரிசைப் பட்டையிலும் அழைப்புக்கு ஒன்று, வேலைக்குச் சில என்று ஒதுக்கி, நாடு முழுக்க ஒரே பெயரும் வைத்திருக்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதுதான் இதில் பெரிய விஷயம். ஒருவர் கருவியில் "பொது 1" என்றும் இன்னொருவர் கருவியில் அதே சேனல் "உதவி 3" என்றும் இருந்தால், இரண்டு பேரும் ஒரே சேனலில் இருந்துகொண்டே ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, இணைப்புப் பெட்டி. ஒரு துறையின் வயர்லெஸ்ஸில் வரும் குரலை எடுத்து மற்ற துறையின் வயர்லெஸ்ஸில் ஒலிபரப்பும் கருவி. வண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம், கட்டுப்பாட்டு அறையிலும் வைக்கலாம். விற்பவர்கள் இதை மந்திரப்பெட்டி மாதிரிக் காட்டுவார்கள். சொல்லாமல் விடுவது இது: இணைத்ததும் இரண்டு சேனல்களும் ஒரே நேரத்தில் அடைபடும், இரு பக்கக் கூட்டமும் ஒரே வாசலில் நுழையும். குரல் கொஞ்சம் தாமதமாகும். நேரடியாகவும் இணைப்பு வழியாகவும் கேட்கும் இடத்தில் எதிரொலி வரும். ரிப்பீட்டர்களுக்குப் பேச்சு முடிந்தபின் ஒன்றிரண்டு நொடி அலையை விடாமல் பிடித்திருக்கும் பழக்கம் உண்டு. அந்த வாலை இணைப்புப் பெட்டி யாரோ பேசுவதாக எடுத்துக்கொண்டால் எதிர்ப்பக்கத்தை இயக்கும். அதன் வால் இந்தப் பக்கத்தை இயக்கும். யாருமே பேசாமல் இரண்டு சேனலும் மாறிமாறி விழித்துக்கொண்டிருக்கும். இணைத்தவர் வேலை முடிந்ததும் பிரிக்க மறந்துவிட்டுப் போவது தனிக் கதை. ஆகவே எதை எப்போது இணைக்கலாம், யார் உத்தரவில், யார் பிரிப்பது என்று எழுதி வைக்காமல் இந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

புதிதாக முளைத்த தடை மறையாக்கம். பழைய அனலாக் காலத்தில் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்கேனர் என்ற ரேடியோவை வைத்துப் போலீஸ் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பல துறைகள் எல்லாச் சேனலையும் பூட்டிவிட்டன. நியாயமான காரணம் உண்டு, ஆனால் பூட்டு பக்கத்துத் துறையையும் வெளியே நிறுத்திவிடுகிறது. முறையும் சாவியும் சாவி எண்ணும் மூன்றும் பொருந்தினால்தான் குரல் திறக்கும். ஒருவர் சாவியை மாற்றி மற்றவருக்குச் சொல்ல மறந்தால், அது தெரிய வருவது பெரும்பாலும் சம்பவ இடத்தில்தான். பூட்டியதாலேயே பத்திரம் என்றும் இல்லை. டெட்ராவில் உள்ள டி.இ.ஏ.1 என்ற முறையின் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்படுகிறது என்பதை 2023 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதைச் சாதாரணக் கணினியிலேயே உடைத்துவிடலாம். ஐரோப்பியப் போலீஸ் பயன்படுத்துவது வேறு முறை, ஆனாலும் உலகின் பல இடங்களில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. என் கருத்து: விசாரணை, கண்காணிப்புச் சேனல்களைப் பூட்டுங்கள், பல துறைகள் சேரும் பொதுச் சேனலைத் திறந்தே வையுங்கள். அங்கே ரகசியம் பேச வேண்டிய அவசியம் அபூர்வம்.

குறியீட்டு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் போலீஸின் "10-4" வகை எண்கள் 1930-களின் பிற்பகுதியில் பேச்சைச் சுருக்க வந்தவை. இடத்துக்கு இடம் பொருள் மாறிப்போயின. "10-13" பொதுப்பட்டியலில் வானிலை, சாலை நிலவரம். நியூயார்க் போலீசில் அதுவே ஆபத்தில் இருக்கும் காவலருக்கு உடனே உதவி வேண்டும் என்பது. 2006 நிதியாண்டிலிருந்து, பல துறைகள் சேரும் சம்பவங்களில் சாதாரணப் பேச்சு மொழிதான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மத்திய நிதி கிடைக்காது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நல்ல முடிவு. இந்தச் சீர்திருத்தத்துக்குக் கருவிச் செலவு ஒரு பைசா கிடையாது. பழக்கத்தை விடுவதற்கான முணுமுணுப்பு மட்டும்தான்.

இனி செல்போன். எல்லோரிடமும் இருக்கிறதே, ஒரு செயலியைப் போட்டுப் பேசினால் என்ன? சாதாரண நாளில் தாராளமாகப் பேசலாம், பேசுகிறார்கள். பெரிய சம்பவத்தில் பொதுமக்களும் அதே கோபுரத்தை நோக்கித்தான் போன் செய்வார்கள். அதற்கு மருந்தாகத்தான் முன்னுரிமை உள்ள தனி வலையமைப்புகள் வந்தன. அமெரிக்காவில் 2012 சட்டத்தின்படி 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 20 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கி, 2017 இல் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்திடம் கட்டக் கொடுத்த ஃபர்ஸ்ட்நெட் அப்படிப்பட்டது. படம், வரைபடம், நோயாளியின் விவரம் அனுப்ப இதற்கு இணை இல்லை. ஆனால் மொத்தமாக இதற்கே மாறுவது எளிதல்ல. பிரிட்டன் தன் டெட்ராவை மூடிவிட்டு 4ஜிக்கு மாற 2015 இல் ஒப்பந்தம் போட்டது. முதலில் சொன்ன கெடு 2019. இப்போது 2029 என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு இழுபறி? வாக்கி-டாக்கிக்கு ஒரு குணம் உண்டு: கோபுரம் விழுந்தாலும், மின்சாரம் போனாலும், கேபிள் அறுந்தாலும், பக்கத்தில் இருக்கும் இன்னொரு வாக்கி-டாக்கியோடு நேராகப் பேசும். அடித்தளத்தில் புகைக்குள் இருக்கும் இருவருக்குத் தேவை இதுதான். அதற்கான வலுவும் அதில் இருக்கிறது, 1 முதல் 5 வாட் வரை. செல்போன் சுமார் 0.2 வாட்தான், கோபுரம் பக்கத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட கருவி அது. கைபேசிக்குக் கைபேசி நேராகப் பேசும் வசதியை 4ஜி தரத்தில் எழுதி வைத்தார்கள், ஆனால் சந்தையில் அது பெரிதாக எடுபடவில்லை. 2020 கிறிஸ்துமஸ் அன்று நாஷ்வில் நகரில் ஒரு தொலைபேசி நிறுவனக் கட்டடத்துக்கு வெளியே குண்டு வெடித்தபோது, சுற்றுவட்டாரச் செல்போன் சேவையோடு ஃபர்ஸ்ட்நெட்டும் பாதிக்கப்பட்டது. கையுறை போட்ட விரலால் தொடுதிரையைத் தேய்த்துப் பாருங்கள், இன்னொரு காரணமும் தெரியும். ஆகவே தரவுக்குச் செல்போன் வலையமைப்பு, உயிர்ப் பேச்சுக்கு வயர்லெஸ் என்று இரண்டும் இன்னும் சில காலம் சேர்ந்தே ஓடும். இரண்டையும் கோக்கும் இணைப்புகளும் வந்துவிட்டன.

பணமும் அதிகாரமும் கொஞ்சமாகத்தான் இருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்றால் என் வரிசை இது. முதலில் கட்டுப்பாட்டு அறைகளைச் சேருங்கள்: மூன்று அறைகளுக்கும் எப்போதும் திறந்திருக்கும் ஒரு பேச்சுக்குழு. அதில் ஒவ்வொரு ஷிப்டும் தொடங்கும்போது அந்த ஷிப்டின் ஆளே, தன் கையால், மற்ற இரு அறைகளையும் அழைத்துப் பதில் வாங்கிக் குறித்து வைக்க வேண்டும். பொறியாளர் மாதம் ஒருமுறை வந்து சோதிப்பது இதற்கு ஈடாகாது. சம்பவம் நடக்கும் இரவில் அந்தப் பொறியாளர் அங்கே இருக்க மாட்டார். அடுத்து, சம்பவ இடத்தில் துறைத் தலைவர்கள் மூவரும் ஒருவரையொருவர் தொடும் தூரத்தில் நிற்க வேண்டும் என்ற விதி. அதற்குப் பிறகுதான் களத்தில் இருப்பவர்களுக்கான பொதுச் சேனல், அதுவும் தலைவர்களுக்கும் தொடர்பு அதிகாரிகளுக்கும் மட்டும். தீக்குள் குழாய் பிடித்திருப்பவர் போலீஸ்காரரோடு பேசத் தேவையில்லை. ஓட வேண்டும் என்று போலீஸ் அறிந்தால், அது ஒரு நிமிடத்துக்குள் தீயணைப்புத் தலைவர் காதுக்கு வந்து அவர் வாயால் உத்தரவாகப் போனால் போதும். கடைசியாகத்தான் புதுக் கருவிக்கான டெண்டர்.

பயிற்சி நடத்தும்போது ஒரு சேனலை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து பாருங்கள். முன்பே சொல்லாதீர்கள். யார் கவனித்தார்கள், எவ்வளவு நேரத்தில் கவனித்தார்கள், அடுத்து எந்தச் சேனலுக்குப் போனார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கருவி வாங்க வேண்டும், வாங்கவே வேண்டுமா என்பது அந்த ஒரு தாளிலேயே இருக்கும்.